சொட்டு நீலம்

எதிர்ச் செவத்துல ஒட்டியிருக்கு பாருங்க சார், படிக்கவா? "கண்ணைக் கசக்காதீர்கள். சொட்டு மருந்து போடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும்." அதுக்குக் கீழ பொடி எழுத்துல அச்சாபீஸ் பேரு, போன் நம்பரு. நம்பரையும் சொல்லட்டுமா? வேண்டாமா? சரி விடுங்க. ஆறு வாரத்துக்கு முந்தி நீங்க கேட்டிருந்தா, அங்க செவரு இருக்கான்னே நான் யோசிச்சுத்தான் சொல்லியிருப்பேன். இப்ப சோதிச்சுப் பாக்கணும்போல இருக்கு. பஸ்ல வரும்போது முன்சீட்டுக்காரன் படிச்ச பேப்பரை அவனுக்கு முந்தி நான் படிச்சு முடிச்சு, திருப்புய்யான்னுட்டேன். மொறைச்சான்.

உங்களுக்கு யாரு உள்ள? அம்மாவா? பயப்படாதீங்க. எந்தக் கண்ணுல பண்ணணுமோ அந்தக் கண்ணுக்கு மேல நெத்தியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. அப்பறம் பத்துப் பேரு வந்து பத்துத் தடவை பேரு கேப்பாங்க. பதினொண்ணாவது தடவை நமக்கே சந்தேகம் வந்துரும். அவ்வளவுதான் கஷ்டம். கத்தி வைக்கிறதெல்லாம் தெரியவே தெரியாது.

நான் திரவியம். ரிட்டயர்டு பி.டி. வாத்தியார். சாத்தூர்ப் பக்கம் முப்பத்தோரு வருசம் விசில் ஊதுனவன். உள்ள இருக்கிறது என் சகலை. கனகவேல்னு பேரு, மாவு மில் வச்சிருக்கான். நான் அக்காவைக் கட்டுனேன், அவன் தங்கச்சியைக் கட்டுனான். நேத்து அவனுக்கு ஆபரேசன். இன்னிக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் உள்ள அவன்கூட இருக்காங்க. நான் இங்க உக்காந்திருக்கிறது அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா கட்டோடயே எந்திரிச்சு ஓடிருவான். நாலு வருசமாப் பேச்சு வார்த்தை இல்ல சார்.

ஏன்னு கேக்காதீங்க. கட்டுன பொண்டாட்டிகிட்டயே நான் சொல்லாத விசயம்.

என்ன, கேக்காமயே இருக்கீங்க? சரி, சொல்றேன். நீங்க ராஜபாளையம் பஸ்ஸுல ஏறிருவீங்க, நான் சாத்தூர் பஸ்ஸுல ஏறிருவேன். இனிமே எங்க பாக்கப்போறோம்.

அவன் மக சுபாஷினி கல்யாணம். அருப்புக்கோட்டையில மண்டபம். என் வீட்டுக்காரி செல்வக்கனி ரெண்டு நாள் முந்தியே போயிட்டா. தங்கச்சி மக கல்யாணம் பாருங்க, அவ இல்லாம வாழைமரம் நிக்காதுன்னு நெனப்பு. நான் அன்னிக்குக் காலையில கெளம்பி, தும்பைப்பூ மாதிரி வேட்டி சட்டையோட போய் எறங்குறேன். உடுப்பு விசயத்துல நான் கறாரு. அப்பல்லாம் வெள்ளையத் தவிர வேற நெறம் என் ஒடம்புல பட்டதில்ல.

மண்டப வாசல்ல இவன் நிக்கிறான். பொண்ணுக்கு அப்பன், தோள்ல புதுத்துண்டு, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. எனக்கு முன்னாடி ஒரு குடும்பம் "என்ன மாமா, சௌக்கியமா?"ன்னு கத்திக்கிட்டே போச்சு. "வாங்க, வாங்க"ன்னான். அடுத்தது நான். நான் வாயைத் தொறக்கல. தொறக்கக் கூடாது சார். ஒரு வீட்டுக்குப் போனா, அங்க இருக்கிறவன்தான் மொதல்ல வாங்கன்னு கேக்கணும். அப்பறம்தான் வந்தவன் பேசணும். மூத்த மருமகனுக்கு அது இன்னும் முக்கியம். நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறேன். அவன் என்னைய ஏற எறங்கப் பார்த்தான். பார்த்துட்டு என்ன சொன்னான் தெரியுமா?

"பின்னாடி வழியாப் போப்பா."

சிரிக்கிறீங்களா? சிரிங்க. இதுக்குத்தான் யார்கிட்டயும் சொல்லல. போப்பாவாம்! ஆயிரம் புள்ளைகளைக் கொளுத்துற வெயில்ல வரிசையில நிக்க வச்சவன் சார் நானு. கலெக்டர் வந்த விழாவுல முன்னால கொடி பிடிச்சு நடந்தவன். என்னையப் பின்வாசலுக்குப் போகச் சொல்றான்! அங்க பச்சைத்தண்ணி குடிக்கல. அப்படியே திரும்பி பஸ்ஸு ஏறிட்டேன். பஸ் ஸ்டாண்டுல ரெண்டு வாழைப்பழம் தின்னேன், அது வேற விசயம்.

வீட்டுக்கு வந்து இவ கேக்குறா, "ஏன் கல்யாணத்துக்கு வரல?" "வந்தேன். உன் தங்கச்சி புருசன் என்னைய மதிக்கல." "என்ன சொன்னாக?" சொல்லுவேனா? வெளியில சொன்னா எவனும் அவனைப் பாத்துச் சிரிக்க மாட்டான், என்னையப் பாத்துத்தான் சிரிப்பான். "மதிக்கல, அம்புட்டுத்தான்"னுட்டேன். அங்க அவன் என்ன சொல்றான்? நான் வரவே இல்லையாம்! நேருக்கு நேரா நின்னு வெரட்டிவிட்டுட்டு, வரவே இல்லைன்னு சாதிக்கிறான். எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க. நான் வந்தேங்கிறேன், அவன் வரலங்கிறான். நாலு வருசம் இதுதான். அவன் மாமியா சாவுக்கு, அதாவது என் மாமியா, ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில நின்னோம். மார்க்கெட்டுல எதுத்தாப்ல வருவான், என்னையத் தாண்டிப் போயிருவான். கோயில்ல பக்கத்துலயே நிப்பான், திரும்ப மாட்டான். திமிரு. மாவு அரைக்கிறவனுக்கு இம்புட்டுத் திமிரான்னு நெனப்பேன்.

பொம்பளைங்க மட்டும் போன்ல பேசிக்கிட்டே இருப்பாளுக. நான் வந்தா "சரி, குக்கர் சத்தம் போடுது"ன்னு வச்சிருவா. எங்க வீட்டுல குக்கரே அடுப்புல இருக்காது.

இப்ப என் கண்ணு கதைக்கு வருவோம். என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லைன்னுதான் நானும் இருந்தேன். ராத்திரி நெலா மூணாத் தெரிஞ்சுச்சு. மேகம்னு நெனச்சேன். சாம்பார்ல கெடக்குறது கத்திரிக்காயா மொளகாயான்னு கடிச்சப்பறம்தான் தெரியும். சமையல் சரியில்லைன்னு அவளைத் திட்டுனேன். போன வருசம் எங்க ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே. நூறு மீட்டர் ஓட்டத்துக்கு முடிவுக் கோட்டுல என்னையத்தான் எப்பவும் நிக்க வைப்பாங்க. கழுகுக் கண்ணுன்னு பேரு. விசில் ஊதி, மைக்கைப் பிடிச்சு, "முதல் பரிசு ஆறாம் நம்பர், ரெண்டாம் பரிசு அந்தப் பச்சை டிரஸ்"னுட்டேன். அந்தப் பச்சை டிரஸ்ஸு ஸ்கூல் ஆயாம்மா. தண்ணிக் கொடத்தோட குறுக்க போயிருக்கு. புள்ளைங்க கை தட்டுனதைப் பார்த்து, நான் என்னமோ நல்ல தீர்ப்புச் சொல்லிட்டேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். ஹெட்மாஸ்டர்தான் தனியாக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, அடுத்த கண்ணு கேம்ப்ல நானே உங்க பேரைக் குடுத்துர்றேன்"ன்னாரு. ஆனா அந்தம்மா ஓட்டத்தையும் கொறை சொல்லக் கூடாது. கொடத்தோட ரெண்டாவது வந்திருக்கு.

ஒரு வருசம் இழுத்தடிச்சு, கடைசியில வந்து படுத்தேன். வலது கண்ணு ஆச்சு. இடது கண்ணு அடுத்த மாசம். வீட்டுக்குப் போனா ஆயிரம் சட்டம். தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அந்தப் பக்கமாப் படுக்கக் கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. இவ என்ன செஞ்சா, என் விசிலையே எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டா. மருந்து நேரம் வந்தா ஊதுவா. நானும் பழக்க தோசத்துல விறைப்பா எந்திரிச்சு நிப்பேன். தெருவே வேடிக்கை பார்த்துச்சு.

கண்ணு தெளிஞ்சதும் நான் மொதல்ல என்னத்தப் பார்த்தேன்னு நெனக்கிறீங்க? நான் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஒழுக்கத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கேன். எதுக்க கண்ணாடி வச்ச பீரோ. அதுல பாக்குறேன், என் பொண்டாட்டி எனக்குப் பின்னாடி நின்னு என்னைய மாதிரியே கையை ஆட்டி, வாயைக் கோணி நடிச்சுக் காட்டுறா! பக்கத்து வீட்டுக்காரரு சிரிப்பை அடக்க முடியாம இருமுறாரு. "எத்தனை நாளா நடக்குது இது?"ன்னேன். கொஞ்சம்கூட வெக்கப்படல. "அது ஆச்சு ஆறு வருசம். இனிமே பாத்துத்தான் செய்யணும்"ங்கிறா. அவருக்கு ரொம்ப நாளா இருமல்னு நெனச்சு நான் கசாயம் வேற சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன் சார். அடுத்து பீரோவைத் தொறந்தேன். என் வெள்ளை வேட்டி சட்டை எல்லாம் அடுக்கியிருக்கு. அம்புட்டும் நீலம்.

லேசான நீலம்னு நெனச்சுராதீங்க. ஆகாசம் தோத்துப்போகும். எனக்கு ஒண்ணும் புரியல. இஸ்திரிக் கடையில இன்னொருத்தன் துணி மாறி வந்துருச்சான்னு காலரைப் பார்த்தா, என் குறிதான் போட்டிருக்கு. விசயம் என்னன்னா, என் வெள்ளையை நான்தான் தொவைப்பேன். அவ கையில குடுத்தா மங்கிரும்னு குடுக்க மாட்டேன். கண்ணுல சதை வளர வளர, வெள்ளை எனக்குப் பழுப்பாத் தெரிஞ்சிருக்கு. பழுப்பாத் தெரிஞ்சா என்ன செய்வோம்? சொட்டு நீலம் இன்னும் ரெண்டு சொட்டு. அப்பவும் பழுப்பு. நாலு சொட்டு. அப்பறம் சொட்டுக் கணக்கெல்லாம் இல்ல, மூடிக் கணக்குதான். அந்தச் சட்டையை இப்பவும் இடது கண்ணால மட்டும் பாத்தா அருமையான வெள்ளை. வலது கண்ணால பாத்தா கேவலம்.

"நீ சொல்ல வேண்டாமா?"ன்னு அவளைப் பிடிச்சுக் கத்துனேன். "சொல்லலையா? வருசக் கணக்காச் சொன்னேன். உனக்கு வெள்ளைன்னா என்னன்னு தெரியாதுன்னீங்க. ஊருக்குள்ள உங்களை நீல வாத்தியாருங்கிறாக, அதாவது தெரியுமா?" "தெரியாது." "என் தங்கச்சி மக கல்யாணத்துக்கும் இந்த நீலத்தைத்தான் போட்டுக்கிட்டு வந்திருப்பீக." அவ அதைச் சொல்லும்போதும் எனக்கு ஒண்ணும் தோணல சார். சத்தியமா ஒண்ணும் தோணல. ரசனை கெட்டவன்னு என் மேல எனக்கே கோவம், அதை அவ மேல காட்டிட்டுப் போயிட்டேன்.

அதுக்கப்பறம் மூணு வாரம் போச்சு. இவுங்க பெரியப்பா வழியில ஒரு கல்யாணம், விருதுநகர்ல. வெள்ளையே வேண்டாம்னு புதுசா எடுத்த மெரூன் கலர் வேட்டி சட்டை, கறுப்புக் கண்ணாடி சகிதம் போனேன். சும்மா சொல்லக் கூடாது, எடுப்பா இருந்தேன். மண்டப வாசல்ல ஒரு பொம்மை நிக்குமே, பாத்திருப்பீங்க. பட்டுச்சேலை கட்டி, கரண்டுல ஓடுறது. ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு, குனிஞ்சு குனிஞ்சு நிமிரும். நான் கொஞ்சம் தள்ளி நின்னு சந்தனம் எடுக்கிறேன். கனகவேல் வர்றான். அவன் பொண்டாட்டி ராஜக்கனி யாரோ கூப்பிட்டாங்கன்னு முன்னாடி போயிட்டா. இவன் தனியா வந்து பொம்மைக்கு முன்னாடி நின்னான்.

"வணக்கம்மா. சௌக்கியமா?"ன்னான்.

பொம்மை குனிஞ்சுச்சு.

"நீ யாரு மகம்மா? எனக்குச் சட்டுனு பிடிபடல."

மறுபடியும் குனிஞ்சுச்சு. இவன் பதறிப்போயி, "அட, கால்ல எல்லாம் விழ வேண்டாம். நல்லா இரு தாயி"ன்னு அது தலையில கையை வச்சு ஆசீர்வாதம் பண்றான் சார்! கை வச்சதுல பொம்மை நிமிர முடியாம கிர்ருனு கத்துது.

எல்லாரும் சிரிச்சாங்க. எல்லாரையும்விட நான்தான் கூடச் சிரிச்சேன். நாலு வருசத்துச் சிரிப்பு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு தெரியாம, எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு ஒப்புக்குச் சிரிச்சான். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு.

பொம்மைக்கும் பொண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு என் மூஞ்சி எப்படித் தெரியும்? இருந்தாலும் நான் லேசுல நம்பிர்ற ஆளு இல்ல. நடிக்கிறானோ? நேரா அவன் முன்னாடி போய் நின்னேன். ரெண்டு முழம்கூட இருக்காது. மொறைச்சுப் பார்த்தேன். அசையல. கறுப்புக் கண்ணாடியைக் கழத்திட்டு, இந்த அறுபத்தேழு வயசுல சார், நாக்கைத் துருத்திக் காட்டுனேன்.

"தம்பி, பந்தி எந்தப் பக்கம்?"ங்கிறான்.

என்னையத் தம்பிங்கிறான்! பேசுனா குரல் காட்டிக் குடுத்துரும். ஒண்ணும் பேசாம கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். உக்கார வச்சேன். பக்கத்துல நானும் உக்காந்தேன். எதுக்கு உக்காந்தேன்னு கேக்காதீங்க, எடம் அங்கதான் இருந்துச்சு.

இலையில எது எங்க இருக்குன்னு வெரலால தடவித் தடவிப் பாக்குறான். வடை ஓரமாக் கெடந்துச்சு, அவன் கை அங்க போகல. நான் எடுத்து அவன் கைக்கிட்ட நகட்டி வச்சேன். "நல்லா இருப்பீக தம்பி"ன்னுட்டு, சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே பேச ஆரம்பிச்சுட்டான்.

"எனக்கு ஒரு சகலை இருக்காரு தம்பி. மூத்தவரு. பி.டி. வாத்தியார். இந்தக் கல்யாணத்துக்கும் வந்திருப்பாரு, ஆனா என்கூடப் பேச மாட்டாரு. கொஞ்ச வருசமா என் கண்ணுல மாவு விழுந்து மூஞ்சியெல்லாம் மட்டுப்படல. ஆனா அவரு மட்டும் தப்ப மாட்டாரு. அப்படி ஒரு வெள்ளை உடுத்துவாரு. தூரத்துல வெள்ளையா ஒண்ணு வந்தா அண்ணாச்சிதான்னு சொல்லிருவேன். என் மக கல்யாணத்தன்னிக்கு அந்த வெள்ளை வருதா வருதான்னு வாசல்லயே நின்னேன். வரவே இல்ல. சமையல்காரன் ஒருத்தன்தான், அவுக எல்லாருக்கும் நீலச் சட்டை, முன்வாசல்ல வந்து நின்னுக்கிட்டு நகர மாட்டேங்கிறான். பின்னாடி வழியாப் போப்பான்னு அனுப்பிவிட்டேன். கடைசிப் பந்தி முடிஞ்சு இலை எடுக்கிற வரைக்கும் அங்கயே நின்னேன் தம்பி. மூத்தவரு சாப்பிடாத பந்தியில நான் எப்படி உக்கார? மக கல்யாணச் சோத்தை நான் திங்கவே இல்ல."

எனக்கு ரசத்தை ஊத்துறாங்க. குடிக்க முடியல. வெக்கமா இருந்துச்சு சார். வாழ்க்கையில அப்படி வெக்கப்பட்டது கெடையாது. நாலு வருசமா அவனை நான் வையாத வசவு இல்ல. திமிரு பிடிச்சவன், மாவுமூட்டை, நன்றி கெட்டவன். அவன் எனக்காக வாசல்ல நின்னுக்கிட்டு இருந்திருக்கான். நான் நாலு மூடி நீலத்துல முக்குன சட்டையோட அவன் முன்னாடி போயி நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னிருக்கேன்.

ஆனாலும் ஒண்ணு. சமையல்காரனாவே இருந்தாலும், நீ யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டிருக்கலாம். அந்தத் தப்பு அவன் மேல இருக்கு. அதை நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

அப்பவே சொல்லியிருக்கலாமேன்னுதான நெனக்கிறீங்க? சொல்லியிருக்கலாம். "தம்பி பேச மாட்டீகளா?"ன்னு வேற கேட்டான். "ம்"ன்னேன். பாயசம் வந்துச்சு, அவன் இலையில ஊத்தச் சொல்லிக் கை காட்டிட்டு எந்திரிச்சு ஓடிவந்துட்டேன். பயம் சார். எனக்கு யார்கிட்டயும் பயம் கெடையாது, அன்னிக்கு அந்த மாவுமில்காரன்கிட்ட இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து இவகிட்ட, "உன் தங்கச்சி புருசனுக்குக் கண்ணு சுத்தமாத் தெரியல, கூட்டிட்டுப் போகச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லாத"ன்னேன். அவன் கேட்டாத்தான? மாவுதான், கழுவுனாச் சரியாப்போகும்னு ஆறு வருசமா மூஞ்சியைக் கழுவிக்கிட்டு இருக்கான். முந்தாநேத்து அவன் தெருவுலயே கண்ணு கேம்ப் போட வச்சேன். அவனும் வரிசையில நின்னான். போர்டுல எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்றாங்க, ஒரு எழுத்துத் தப்பாமச் சொல்றான்! டாக்டரம்மா "பார்வை நல்லா இருக்கே"ங்குது. எனக்குத்தான் தெரியும், வாத்தியார்கிட்டயா காட்டுறது? முன்னாடி நின்ன எட்டுப் பேரு சொன்னதைக் காதுல வாங்கி மனப்பாடம் பண்ணிட்டான் களவாணி. பந்தலுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்ன நான், கேம்ப்காரப் புள்ளையைக் கூப்பிட்டு, போர்டைத் தலைகீழாத் திருப்பும்மான்னேன். திருப்புச்சு. அவன் மறுபடியும் அதே எழுத்தை அதே வரிசையில ஒப்பிச்சான். அன்னிக்கே வேன்ல ஏத்திட்டாங்க.

அதான் இங்க வந்து உக்காந்திருக்கேன். இதுவரைக்கும் ஒரு ஆறுதல் இருந்துச்சு, என்னையத் தாண்டிப் போறான்னா கண்ணு தெரியாமப் போறான்னு. இன்னியோட அந்தச் சாக்கு போச்சு. இப்ப என்னையப் பார்த்துட்டும் வாங்க அண்ணாச்சின்னு கூப்பிடலைன்னா, அது நெசம். அதுக்கு மேல நான் எந்த மூஞ்சியோட நாளைக்கு அவன் தெருவுல நடக்க? எனக்கு இருக்கிறது ஒரே ஒரு சகலை. கூடப் பெறந்த ஆம்பளை யாரும் கெடையாது.

இருங்க. கதவு தொறக்குது.

அவன்தான். வெள்ளைத்துண்டு போத்தியிருக்கானே, அவன்தான். ரெண்டு பக்கமும் ரெண்டு பொம்பளைங்க, மாப்பிள்ளை ஊர்வலம் வர்ற மாதிரி வர்றான். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டுட்டாங்க, எங்க பாக்குறான்னே தெரியலையே. இங்கிட்டுத் திரும்புறான். நின்னுட்டான். கண்ணாடியைக் கழத்துறான். நர்ஸம்மா சத்தம் போடுது, கேக்க மாட்டேங்கிறான். என்னையத்தான் பாக்குறான் சார். என் மூஞ்சியைத்தான்.

திருப்பிட்டான்! பார்த்தீங்கள்ல? நல்லாப் பார்த்துட்டு மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிட்டான். இது அசல் திருப்பு. நாலு வருசமா நான் பார்த்ததெல்லாம் திருப்பே இல்ல. அந்தக் கடைசி பெஞ்சுல போய் உக்காந்துட்டான்.

போச்சு சார். நான் கெளம்புறேன்.

என்ன? என்ன சொல்றீங்க? இங்க மொதல்ல இருந்தது நான்தானா? ஆமா, காலையில ஏழு மணிக்கே வந்துட்டேன். அதுக்கென்ன?

...அட ஆமா. அவன்தான் வந்தவன். அப்ப வாங்கன்னு கேக்க வேண்டியது நான்தான். உங்க வாயை நான் கெளறியிருக்கக் கூடாது. சரி, இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கங்க.

*

பையை எடுக்க வந்தேன் சார். நின்னுக்கிட்டே சொல்லிர்றேன், அங்க காத்துக்கிட்டு இருக்கான்.

போய் அவன் முன்னாடி நின்னு, "வாங்க சகலை"ன்னேன். செவத்தைப் பார்த்துக்கிட்டே, "என் மக கல்யாணத்துக்கு வராதவுக வாங்கன்னு கேட்டா என்ன, கேக்காட்டி என்ன"ங்கிறான். சுத்தி ஆளு. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாளுக. நர்ஸம்மா வேற. எப்படி வந்துச்சுன்னு தெரியல, சொல்லிட்டேன். "நான் வந்தேன் கனகு. பின்னாடி வழியாப் போப்பான்னு ஒரு நீலச் சட்டைக்காரனை அனுப்பிவிட்டியே. அது நான்தான்யா."

என் வீட்டுக்காரி சேலையை வாயில வச்சு அமுக்கிக்கிட்டா. இன்னிக்குச் சாயங்காலமே அதை நடிச்சுக் காட்டப்போறா, தெருவே பாக்கப்போகுது. நடிக்கட்டும். ஆனா அவன் சிரிக்கல சார். என் சட்டையைப் பார்த்தான், மூஞ்சியைப் பார்த்தான். கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு. துடைக்கக் கையைக் கொண்டுபோனான், நர்ஸம்மா பிடிச்சுக்கிட்டு, "கண்ணுல கை வைக்கக் கூடாதுங்கய்யா"ங்குது. தண்ணி அதுபாட்டுக்கு வழியுது.

"அப்ப அன்னிக்கு நீங்களும் சாப்பிடாமயா போனீக அண்ணாச்சி?"ன்னான்.

வேற ஒண்ணும் கேக்கல. ஏன் நீலம், எதுக்கு நாலு வருசமாச் சொல்லல, ஒண்ணுமே கேக்கல. "ஆமா கனகு"ன்னேன். அவ்வளவுதான், என் கையைப் பிடிச்சுட்டான். கீழ கேன்டீன்ல இலை போட்டுச் சோறு போடுறாங்களாம், இப்பவே போகணும்கிறான். மணி பத்துகூட ஆகலை.

காலையில நான் எட்டு இட்லி தின்னுட்டுத்தான் வந்தேன் சார். போய்ச் சாப்பிடுறேன்.